உங்களுக்குத் தெரியுமா? ஒரகடம் பக்கம் மூக்குக்கும் காதுக்கும் நாக்குக்கும் செம தீனி!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்றதும் ஷிப்ட் பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும்தானே ஞாபகம் வருகிறது? கொஞ்சம் பொறுங்கள். பாட்டு, வாசனை, சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை ரவுண்டு என்று எனக்குப் பிடித்ததையெல்லாம் பொறுக்கி, மார்க்கும் போட்டு வைத்திருக்கிறேன்!

வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹா பைக் தயாராவது ஊருக்கே தெரியும். அங்கேயே யமஹா கிதாரும் கீபோர்டும் தயாராவது தெரியுமா? 2019 முதல்!

யமஹா பைக் டேங்கில் இருக்கும் சின்னத்தை உற்றுப் பாருங்கள். ஸ்பானர் மாதிரி தெரிகிறதா? இல்லவே இல்லை. ஸ்கூல் லேபில் தட்டிப் பார்த்தோமே, அந்த இசைக்கவை. அதுவும் ஒன்றல்ல, 3!

ஏன் பைக்கில் இசைக்கவை? கம்பெனியின் கதையே 1887-ல் ஜப்பானில் டோராகுசு யமஹா ஒரு பழுதான ஆர்கனை ரிப்பேர் செய்ததில்தான் ஆரம்பம். முதல் பைக் வந்தது 1955-ல். நடுவில் 68 வருஷம்!

இன்னொரு கொசுறு. கிதார் சின்னத்தில் கவைகள் வட்டத்துக்குள் அடங்கி இருக்கும். பைக் சின்னத்தில் வெளிவட்டத்தைத் தொட்டு நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். நான் பார்த்துவிட்டேன்!

நோக்கியா ரிங்டோன் யார் போட்ட மெட்டு? ஸ்பெயின் நாட்டு கிதார் மேதை பிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற இசைத் துண்டில் இருந்து உருவியது. அந்த மெட்டோடு ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இருந்து 2011-க்குள் வெளியே போன போன்கள் 50 கோடி!

2006-ல் தொடங்கிய அந்த ஆலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஊர் சும்மா இருந்ததா? 2022-ல் இதே வட்டாரத்தில் இருந்து ஐபோன் 14!

ஒரகடத்தில் எனக்குப் பிடித்த தாளவாத்தியம் எது தெரியுமா? புல்லட்! ராயல் என்ஃபீல்டு ஆலை இங்கே 2013-ல் வந்தது. ஆனால் 'புல்லட்' என்ற பெயருக்கு வயது 90-ஐத் தாண்டிவிட்டது. பிறந்தது 1932! என் காதுக்கு 10 மார்க். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைக் கேட்டால் 0!

வாசனைக்கு வருவோம். உலகத்தின் தவன எண்ணெயில் பெரும்பகுதி நம் தென்னிந்தியாவில்தான் வடிக்கிறார்கள். ஆம், மாலையில் வைத்துக் கட்டுகிறார்களே, அதே தவனம்! இதில் ஒரு வேடிக்கை. ஒவ்வொருவர் தோலிலும் ஒவ்வொரு மாதிரி மணக்கும் என்பது வாசனைத் திரவியக்காரர்கள் பேச்சு. விலை உயர்ந்த சென்ட் பாட்டில்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு என் 10-க்கு 9-ஐ இதற்குக் கொடுத்தேன்!

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமாநுஜர் வாழ்ந்தது 120 ஆண்டுகள் என்பார்கள். ஸ்ரீரங்கத்தில் அவர் திருமேனிக்குத் தண்ணீர் அபிஷேகமே கிடையாது. பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் குழைத்துச் சாத்துவார்கள். வருஷத்துக்கு 2 தடவை!

பூ வாசனையே தெரியாத ஸ்ரீபெரும்புதூர் ஒன்று இருந்தது! மண்ணுக்கடியில் பெரணியும் சைக்காடும் ஊசியிலை மரமும் கல்லாகக் கிடக்கின்றன. உலகில் பூச்செடிகள் பெருகுவதற்கு முந்தைய காடு. நிலவியல் புத்தகத்தில் அதற்குப் பெயரே 'ஸ்ரீபெரும்புதூர் படிவம்'. வயது 10 கோடி ஆண்டுக்கும் மேல்!

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து கொரியக் கம்பெனியின் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. பின்னாலேயே கொரியச் சாப்பாட்டுக் கடைகளும் வந்துவிட்டன. கிம்ச்சி போடும் கொரிய வழக்கம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது 2013-ல். மாவடு கடித்து வளர்ந்த நாக்குக்கு அது தூரத்துச் சொந்தம் மாதிரி. என் மார்க் 8. பூண்டு தூக்கலாக இருந்தால் 9!

ஆனால் முதல் ரேங்க் யாருக்கு? வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு வண்டியை விடுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி!

தட்டு கிடையாது, குழி கிடையாது. மூங்கில் குடலை. உள்ளே மந்தாரை இலை. கரகரவென்று அரைத்த மாவில் மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். வேக ஏறக்குறைய 3 மணி நேரம்!

வெந்ததும் குடலையைக் கவிழ்த்து, இலையை உரித்து, வில்லை வில்லையாக அறுப்பார்கள். ஓரத்தில் இலையின் நரம்பு அப்படியே பதிந்திருக்கும். அந்த ஓரத் துண்டைக் கேட்டு வாங்குங்கள். பல்லில் முழு மிளகு நறுக்கென்று மாட்டும், பின்னாலேயே சுக்கு ஏறும். சட்னி கேட்பவரை நான் நண்பராகக் கூடச் சேர்ப்பதில்லை. 10-க்கு 11!

வயிறு நிறைந்ததா? நேரே கைலாசநாதர் கோயில். ராஜசிம்மப் பல்லவன் கட்டி ஏறக்குறைய 1,300 வருஷம். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகக் குட்டிச் சந்நிதிகள், மொத்தம் 58!

கருவறையைச் சுற்ற வேண்டுமா? தவழ்ந்துதான் நுழைய வேண்டும். அவ்வளவு இடுக்கு! இட்லி எத்தனை வில்லை உள்ளே போனது என்பது அங்கே தெரிந்துவிடும்!

பறவை பார்க்கப் பிடிக்குமா? அப்படியானால் வேடந்தாங்கல். அங்கே பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் பிரிட்டிஷ் கலெக்டரிடம் உறுதி வாங்கியது எப்போது? 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே!

கடைசியாக மறுபடி வரதராஜப் பெருமாள் கோயில். அங்கே குளத்துக்குள் இருந்து பெருமாள் அத்தி வரதராக எழுந்தருளியது 1979-லும் 2019-லும். போன தடவை 48 நாள் தரிசனம். படுத்த கோலத்தில் 31 நாள், நின்ற கோலத்தில் 17 நாள். வந்தவர்கள் 1 கோடிக்கும் மேல்!

கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிட்டீர்களா? ஷிப்ட் சூப்பர்வைசரிடம் இப்போதே லீவு சொல்லி வையுங்கள். அடுத்த தரிசனம் 2059!