விழுங்கும் எச்சில் செய்யும் வேலை

லண்டனில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆரோக்கியமான சிலரை அழைத்து, ஆளுக்கு அரை லிட்டர் பீட்ரூட் சாறு கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்துக்குள் அவர்களுடைய ரத்த அழுத்தம் சராசரியாகப் பத்துப் புள்ளி இறங்கியது. 120 இருந்த இடத்தில் 110. பிறகு சோதனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். சாறு அதேதான், ஆனால் அடுத்த மூன்று மணி நேரம் எச்சிலை விழுங்கக் கூடாது, ஊற ஊறத் துப்பிவிட வேண்டும். இந்த முறை ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. 2008-இல் வெளியான ஆய்வு இது. சாறு வயிற்றுக்குள் போயாயிற்று, குடலும் உறிஞ்சிக்கொண்டுவிட்டது. அப்படியிருக்க, எச்சிலைத் துப்பினால் பலன் ஏன் நிற்க வேண்டும்?

கீரை, பீட்ரூட், முள்ளங்கி இவையெல்லாம் மண்ணிலிருந்து நைட்ரேட் என்ற உப்பை எடுத்துச் சேர்த்து வைப்பவை. நாம் சாப்பிட்டதும் அது சிறுகுடல் வழியாக ரத்தத்தில் கலக்கிறது. நைட்ரேட்டாக இருக்கும்வரை அதனால் நமக்குப் பெரிய பயன் இல்லை. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஆனால் ஏறக்குறைய கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் ரத்தத்திலிருந்து பிடித்து, திரும்பவும் வாய்க்கே அனுப்புகின்றன. ரத்தத்தில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், எச்சிலில் செறிந்திருக்கிறது. ஒருமுறை விழுங்கியதை உடம்பு இவ்வளவு பாடுபட்டு வாய்க்குத் திருப்பி அனுப்புகிறது என்றால், அங்கே அதற்கு ஏதோ வேலை இருக்க வேண்டும்.

இருக்கிறது. நாக்கின் பின்பகுதியில் நுண்ணிய மடிப்புகள் உண்டு. அவற்றின் அடியில் ஆக்சிஜன் அவ்வளவாக எட்டாது. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்துச் சுவாசிக்கின்றன. அப்போது நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு கழன்று, அது நைட்ரைட் ஆகிறது. நம் சொந்த செல்களுக்கு இந்த வித்தை ஏறக்குறைய கைவராது. அந்த நைட்ரைட்டை எச்சிலோடு விழுங்கிய பிறகு, வயிற்றிலும் ரத்தத்திலும் அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவாகிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது. இந்த வாயு உடம்புக்குள் தூதாகச் செயல்படுவதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வேலை செய்வதும் இதே வாயுவின் மூலம்தான். டைனமைட் செய்ய அந்தப் பொருளைப் பயன்படுத்திய ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் மருத்துவர்கள் அதை மருந்தாக எழுதிக் கொடுத்தார்கள்!

ஆக, கீரைச் சோற்றின் பலனில் ஒரு பங்கு நாக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் தயவில் நமக்குக் கிடைக்கிறது. அவற்றை அழித்தால்? அதையும் சோதித்தார்கள். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷை ஆரோக்கியமானவர்கள் ஒரு வாரம் கொப்பளித்தபோது வாயில் நைட்ரைட் உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது. ரத்த அழுத்தம் இரண்டு, மூன்று புள்ளி ஏறியது. பல் பிடுங்கிய பிறகோ ஈறு சிகிச்சையின்போதோ மருத்துவர் எழுதிக் கொடுத்தால், சொன்ன நாள்வரை தாராளமாகக் கொப்பளிக்கலாம். தேவை இல்லாமல் தினமும் அதைப் பயன்படுத்துவதுதான் சரியல்ல என்பது என் எண்ணம்.

எச்சிலுக்கு வேறு வேலைகளும் உண்டு. ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை ஊறுகிறது. இனிப்பு வாயில் பட்டதும் பாக்டீரியாக்கள் அதை அமிலமாக்குகின்றன. அமில கார அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால், உடம்பிலேயே மிகக் கடினமான பொருளான எனாமல் கரையத் தொடங்கும். எச்சில் அமிலத்தை முறித்து, தன்னிடம் உள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொடுத்து, கரைந்த இடத்தைத் திரும்பப் பூசுகிறது. இதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு மிட்டாய், இன்னொரு காபி என்று போனால் பூச்சு வேலை முடிவதே இல்லை. தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைந்துவிடும். இரவில் பல் துலக்காமல் படுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

துலக்குவது ஏன், கொப்பளித்தால் போதாதா? 1680-களில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லீவன்ஹூக், தம் பல்லிடுக்கில் படிந்த வெள்ளைப் பொருளைச் சுரண்டி, தாமே செய்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உப்பு வைத்துத் தினமும் பல் தேய்த்தவர் அவர். அப்படியும் உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வினிகரைக் கலந்து பார்த்தால் அவை செத்தன. வினிகரால் வாய் கொப்பளித்தபோதோ, படிவின் உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன. காரணம் இன்று தெரியும். பாக்டீரியாக்கள் தம்மைச் சுற்றிப் பசையைச் சுரந்து கூட்டமாக ஒட்டி வாழ்கின்றன. இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். அந்தப் பசையை மருந்து எளிதில் ஊடுருவாது. பிரஷ்தான் அதைக் கலைக்கும்.

கலைக்காமல் விட்டால் படலம் ஈறின் விளிம்புக்குள் இறங்கும். உடம்பைத் தோலும் சவ்வும் முழுமையாக மூடியிருக்கின்றன. கடினமான ஒன்று அந்த மூடாக்கைத் துளைத்து நிற்கும் இடம் பல் மட்டுமே. அந்த இடத்தைக் காப்பது ஈறின் மெல்லிய பிடிப்பு. பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் இறக்கி, இரண்டு, மூன்று என்று எண் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூன்றுவரை கவலை இல்லை. அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பையாகத் தொங்குகிறது என்று பொருள். பையின் உட்சுவர் புண். நோய் முற்றியவர்களின் வாயிலுள்ள அத்தனை பைகளையும் பிரித்து விரித்தால் ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவுக்குப் புண் வரும். கையில் அந்த அளவுக்குப் புண் இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓடியிருப்போம். ஈறில் பெரும்பாலும் வலிப்பதில்லை. பல சமயம் துலக்கும்போது எட்டிப் பார்க்கும் ரத்தம்தான் முதல் அறிகுறி.

அந்தப் புண் வழியே, மெல்லும்போதுகூட பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. பெரும்பாலோருக்கு எதிர்ப்புச் சக்தி சில நிமிடங்களில் அவற்றைத் துடைத்துவிடும். செயற்கை வால்வு உள்ள இதயத்தில் அவை ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அத்தகையவர்களுக்குப் பல் பிடுங்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பது இதற்காக. சர்க்கரை நோயோடு ஈறுக்குள்ள உறவு இருவழிப் பாதை. சர்க்கரை ஏறினால் ஈறு ஆறாது. ஈறில் அழற்சி நீடித்தால், அதிலிருந்து கிளம்பும் வேதிப்பொருள்கள் இன்சுலினை வேலை செய்ய விடாது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 0.4 புள்ளி குறைந்ததாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிகிறது. 8 இருந்தால் 7.6. ஒரு மாத்திரைகூடக் கூடுதலாகப் போடாமல்!

இதைக் கேட்டு எல்லா நோய்க்கும் பல்லையே குற்றம் சொல்லிவிடக் கூடாது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் ஆற்றிய உரைக்குப் பிறகு அந்த மோகம் கிளம்பியது. மூட்டுவலி முதல் மனநோய்வரை எதற்கும் பல்லைப் பிடுங்கினார்கள். நல்ல பற்கள் ஏராளமாகப் போயின, நோய்கள் அப்படியே இருந்தன. ஈறு நோய் உள்ளவர்களிடம் மாரடைப்பும் மறதி நோயும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

நுரையீரல் விஷயத்தில் சான்று இதைவிடத் தெளிவு. படுத்த படுக்கையான முதியவர்கள் தூக்கத்தில் தம் எச்சிலையே சிறிது மூச்சுக்குழாய்க்குள் இழுத்துவிடுவார்கள். அதோடு வாயின் பாக்டீரியாவும் போகும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு 1999-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்குச் செவிலியர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் வாயைத் துலக்கிவிட்டார்கள். மற்றவர்கள் வழக்கம்போல விடப்பட்டார்கள். வழக்கம்போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கு நிமோனியா வந்தது. துலக்கப்பட்டவர்களில் 11 பேருக்கு. பல் ஒன்றுகூட இல்லாதவர்களுக்கும் இதனால் நன்மை கிடைத்தது. பொக்கை வாயிலும் நாக்கு இருக்கிறது, ஈறு இருக்கிறது, படலம் படிகிறது. வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவி வைத்து, ஈரத்துணியால் ஈறையும் நாக்கையும் மெல்லத் துடைத்துவிட்டால், அவருடைய நுரையீரலுக்குச் செய்யும் பணிவிடை அது.