துயரைச் சொல்வது பொறுமையின்மை ஆகாது

நோயுற்ற முஸ்லிமிடம் நலம் விசாரித்தால், "அல்ஹம்துலில்லாஹ்" என்னும் சொல்லே முதலில் அவர் நாவில் எழுகிறது. இறைவனின் நாட்டத்தைப் பொருந்திக்கொண்ட உள்ளத்தின் சொல் அது. ஆயினும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரிடம், "உங்கள் மனவேதனை எவ்வளவு?" என்று மருத்துவமனையில் கேட்கும்போது, அவர் அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டால் உள்ளத்தின் புண் மருந்தின்றியே மறைந்து கிடக்கும்.

இக்கேள்வி வீண் கேள்வியன்று. புற்றுநோயாளரின் மனநலத்தைத் தனி மருத்துவத் துறையாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் ஜிம்மி ஹாலண்ட் என்னும் அமெரிக்க அம்மையார். 1977-இல் நியூயார்க் நகரின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் இதற்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1997-இல் அவர் தலைமையில் அமைந்த குழு, 'மனநோய்' என்றால் மக்கள் கூசுவார்கள் என்பதால், 'வேதனை' என்ற எளிய சொல்லையே தேர்ந்தது.

காய்ச்சலை அளக்கும் வெப்பமானியின் படம் ஒன்று நோயாளியிடம் தரப்படும். அதில் 0 முதல் 10 வரை எண்கள் இருக்கும். 0 என்றால் துயரில்லை. 10 என்றால் தாங்கொணாத் துயர். சென்ற ஒரு வாரத்தின் நிலையை அவர் குறிக்க வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் குறித்தால், மேலும் விசாரித்து உதவி செய்வார்கள். பணமுடை, போக்குவரத்து, பிள்ளைகளைப் பற்றிய கவலை, உறக்கமின்மை, அச்சம், இறைநம்பிக்கையில் எழும் கலக்கம் ஆகிய காரணங்களையும் உடன் குறிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு, உதவுவோரும் வேறு.

"துயரை வெளியிடுவது சபூருக்கு முரணல்லவா?" என்று நீங்கள் ஐயுறலாம். நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கடுங்காய்ச்சலில் இருந்தபோது, நலம் காண வந்த இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் காய்ச்சலின் கடுமையைக் குறிப்பிட்டார்கள். பெருமானார் அதை மறைக்கவில்லை; இரு மனிதர்க்குரிய காய்ச்சல் தமக்கிருப்பதாக அளவிட்டே கூறினார்கள். பொறுமையின் சிகரமான அவர்களே வேதனையின் அளவைச் சொல்லியிருக்க, நாம் சொல்வது எங்ஙனம் குறையாகும்? அல்லாஹ்வின் விதியைக் குறைகூறுவது வேறு. நோயின் நிலையை எடுத்துரைப்பது வேறு.

உள்ளத்தின் துயரும் நம் மார்க்கம் அறியாததன்று. கவலையினின்றும் துக்கத்தினின்றும் காவல் தேடும் துஆவைப் பெருமானார் கற்பித்தார்கள். நோயாளிக்கும், உறவினரை இழந்து வாடுவோர்க்கும் 'தல்பீனா' என்னும் கஞ்சியைக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) கூறிவந்தார்கள். அது நோயாளியின் இதயத்திற்கு ஆறுதல் தரும் என்பது நபிமொழி. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடலைப் போலவே உள்ளமும் நோயுறும் என்றும், இரண்டையும் பேண வேண்டும் என்றும் தம் நூலில் விளக்கியுள்ளார்.

இல்லத்தாரே! நோயாளியிடம் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு, "உம்மா தைரியமாகத்தான் இருக்கிறார்கள்" என்று விடை கூறிவிடாதீர்கள். அவர்களே சொல்லட்டும். "ஈமான் உள்ளவர் கலங்கலாமா?" என்று கடிந்து அவர்கள் வாயை அடைத்துவிடாதீர்கள், உங்கள் முகம் வாடும் என்றஞ்சியே பலர் தம் துயரை மறைக்கிறார்கள். கேட்பார் இல்லையெனில் மருத்துவரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். சென்னையில் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறையே உண்டு.

நாவில் "அல்ஹம்துலில்லாஹ்" இருக்கட்டும். படத்தில் குறிக்கும் எண் உண்மையாக இருக்கட்டும். முன்னது இறைவனுக்குச் செலுத்தும் நன்றி. பின்னது அவன் அருளிய மருத்துவத்தைத் தேடும் முயற்சி. நோயுற்றோர் அனைவர்க்கும் அல்லாஹ் பூரண ஷிபாவையும் மன அமைதியையும் அருள்வானாக! ஆமீன்.