மஞ்சள் ஊதாவாகும் அறைக்குள்…

செருப்பை வெளியே விட்டாச்சா? கிளவுஸ் மாட்டி, அதன்மேல் ஸ்பிரிட் அடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே வாருங்கள். எலும்பு கட்டும் செல்களை உயிரோடு பார்க்கப் போகிறோம்!

இன்குபேட்டருக்குள் எந்நேரமும் 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. அதிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்… அடடா! ரோஜா நிறத் திரவத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, கையும் காலும் நீட்டிப் படுத்திருக்கின்றன. பெயர் எம்.சி.3டி3-இ1. எலிக்குஞ்சின் மண்டையோட்டிலிருந்து 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் பிரித்தெடுத்த செல்களின் வாரிசுகள் இவை. எலும்பு ஆய்வு நடக்கிற ஏராளமான ஊர்களில் இன்று இவற்றைப் பார்க்கலாம். வைட்டமின் சியும் கொஞ்சம் பாஸ்பேட்டும் கொடுத்து மூன்று வாரம் போல வளர்த்தால், வெறும் பிளாஸ்டிக் தட்டில் சுண்ணாம்புச் சத்தைப் படிய வைக்கத் தொடங்கிவிடும்!

இப்போது வில்லன் வருகிறார். ஹைட்ரஜன் பெராக்சைடு, அதே புண் கழுவும் மருந்துதான். துளியிலும் துளியாக விட்டாலே போதும், செல்கள் சுருண்டு தரையை விட்டுக் கழன்றுவிடும். நம் உடம்பிலும் இப்படிப்பட்ட ஆக்சிஜன் கழிவுகள் ஓயாமல் உண்டாகின்றன. வயது ஏறினாலும், மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்தாலும் அவற்றின் கை ஓங்குகிறது. அப்போது நடக்கிற கூத்தை அமெரிக்காவின் ஆர்கன்ஸாவில் ஆய்வாளர் மனோலாகஸின் குழுவினர் 2007இல் காட்டினார்கள். எலும்பு கட்டும் வேலைக்குத் தேவையான பீட்டா-கேட்டனின் என்ற புரதத்தை, தற்காப்புக்காக ஃபாக்ஸோ என்ற இன்னொரு புரதம் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறதாம். செல் பிழைக்கப் பார்க்கிறது, கட்டுமானம் நின்றுபோகிறது.

இங்கேதான் செடிகள் வருகின்றன! எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுக்கிற பிரண்டை, நம் முருங்கைக்கீரை, வெங்காயம் எல்லாவற்றிலும் குவர்செட்டின் என்ற பொருள் இருக்கிறது. செல்களை வளர்த்த குழித்தட்டின் சில குழிகளில் அதை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு எல்லாக் குழிகளிலும் பெராக்சைடை விடுவார்கள். மறுநாள் எம்டிடி என்ற மஞ்சள் சாயம். உயிருள்ள செல் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றிவிடும், செத்த செல்லால் முடியாது. ஒரு வரிசை வெளிறிக் கிடக்க, பக்கத்து வரிசை கத்தரிப்பூ நிறத்தில் ஊறி வருவதைப் பார்க்கப் பார்க்கச் சிலிர்க்கிறது.

எப்படிக் காக்கிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். செல்லுக்குள் என்ஆர்எஃப்2 என்றொரு புரதம் உண்டு. சாதாரண நாளில் கீப்1 என்ற புரதம் அதைப் பிடித்து வைத்து, சிதைவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். இதுபோன்ற தாவரப் பொருள்களால் அந்தப் பிடி தளர்ந்ததும், என்ஆர்எஃப்2 நேரே உட்கருவுக்குள் ஓடி, செல்லின் சொந்தப் பாதுகாப்பு ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. செடி கொடுப்பது ஒரு சின்னச் சீண்டல், சண்டை போடுவது செல்லேதான்!

மேடைக்குப் பின்னால் தில்லுமுல்லுகளும் உண்டு. சில செடிச்சாறுகள் செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கிவிடும். அதனால் செல் இல்லாத குழிகளையும் கூடவே வைத்துப் பார்க்காத ஆய்வை நான் நம்பமாட்டேன். தேயிலைப் பொருள்கள் சில, வளர்ப்புத் திரவத்தில் தாமே பெராக்சைடை உண்டாக்கும். அந்தத் திரவத்துக்கு அழகான ரோஜா நிறம் தரும் சாயம்கூட லேசாக ஈஸ்ட்ரோஜன் வேடம் போடும் என்று 1986இல் கண்டுபிடித்தார்கள்!

கடைசிக் காட்சிக்கு அலிசரின் ரெட் என்ற சாயம். கால்சியம் படிந்த இடமெல்லாம் செக்கச்செவேலென்று மின்னும். அலிசரினும் முதலில் செடி வேரிலிருந்து வந்ததுதான். சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அது இருக்கிறது. லண்டனில் ஜான் பெல்சியர் என்ற அறுவை மருத்துவர், துணி அச்சிடுபவர் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றி எலும்பு சிவந்திருப்பதைக் கண்டார். மஞ்சிட்டி இனத்து வேர்ச்சாயம் ஊறிய தவிட்டை அந்தப் பன்றிகள் தின்றிருந்தன. 1736இல் அவர் அதை எழுதி வைக்க, எலும்பு வளர்வதைக் கண்ணால் பின்தொடர ஒரு வழி பிறந்தது. செடி காத்த எலும்பைச் செடியின் நிறமே காட்டிக்கொடுக்கிறது, என்ன பொருத்தம்!

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தட்டில் செல் மேல் நேராக ஊற்றும் குவர்செட்டினும், நாம் சாப்பிடும் குவர்செட்டினும் ஒன்றல்ல. குடலும் கல்லீரலும் அதை உருமாற்றிய பிறகுதான் ரத்தத்துக்கு அனுப்புகின்றன, அதுவும் சொற்பமாக. ஆகவே கையில் நல்லெண்ணெய் தடவி, பிரண்டையை நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி வைத்துத் துவையல் அரைத்து ரசித்துச் சாப்பிடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை மட்டும் அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.