சிறு விமானங்களில் எஞ்சின் கோளாறு: எத்தனை மணிக்கு ஒரு முறை?

கொல்கத்தாவின் தென்பகுதியிலுள்ள பெஹாலா விமானத் தளத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஒற்றை எஞ்சின் கொண்ட பயிற்சி விமானம் ஒன்று 300 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றுபோனால், சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் தூரம் சறுக்கிச் செல்லும். அதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் விமானி திறந்தவெளி ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். வங்காள கவர்னர் சர் ஸ்டான்லி ஜாக்சன் 1929 பிப்ரவரியில் டம்டம்மில் வங்காள விமானக் கழகத்தைத் திறந்து வைத்த நாளிலிருந்தே இந்நகரில் சிறு விமானப் பயிற்சி இந்த அபாயத்தோடு வளர்ந்து வந்துள்ளது.

இக்கோளாறு எவ்வளவு அடிக்கடி நேர்கிறது? ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் 2009 முதல் 2014 வரை இலகு விமானங்களில் 322 எஞ்சின் கோளாறுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. இந்த எண் பெரிதா, சிறிதா என்பதைப் பறந்த மணிகளால் வகுத்த பின்னரே கூற இயலும். அவ்வாறு வகுத்தபோது, ஒரு தயாரிப்பாளரின் எஞ்சின்களில் கோளாறு விகிதம் மற்றவற்றைப்போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது தெரிய வந்தது.

பத்தாயிரம் மணிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து விமானங்கள் ஆண்டுக்குத் தலா 600 மணி பறக்கும் கழகத்தில், ஏறத்தாழ மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை எஞ்சின் நிற்கும். தொழில்முறை உரிமத்திற்காக 200 மணி பறக்கும் மாணவர்களிலோ ஐம்பதில் ஒருவர் இதைச் சந்திப்பார். பெற்றோருக்கு இந்த இரண்டாவது கணக்கே உறைக்கும்.

காரணங்கள் யாவும் இயந்திரக் குறைகளல்ல. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் இருப்பதால், ஒரு மாக்னெட்டோ பழுதானாலும் எஞ்சின் ஓடும். பெட்ரோல் தீர்ந்துபோவதோ முற்றிலும் மனிதப் பிழை. கொல்கத்தாவின் ஈரக் காற்றில் கவனிக்கத்தக்கது கார்புரேட்டரில் படியும் பனி. குறுகிய குழாயில் காற்று விரைவதாலும் பெட்ரோல் ஆவியாவதாலும் வெப்பநிலை 20 டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் உள்ளே ஈரம் உறையும். இறங்குவதற்காக விசையைக் குறைக்கும் தருணத்தில் இது மிகுதி. அதற்கு முன்பே சூடான காற்றைத் திருப்பிவிட வேண்டும் என்பது பயிற்சியின் தொடக்கப் பாடம்.

தணிக்கையாளரைக் குழப்புவதும் இதுவே. மெக்கானிக் எஞ்சினைத் திறப்பதற்குள் பனி உருகிவிடுகிறது. விமானம் பத்திரமாக இறங்கியிருந்தால், பதிவேட்டில் 'குறை ஏதும் இல்லை' என்று எழுதப்பட்டு, அந்நிகழ்ச்சி ஆண்டுக் கணக்கில் சேராமலே போகிறது.