வேலிக்கு வந்த மரம்

சர்வே முகாம் என்றாலே நமக்கு வெயிலும், கட்டுச்சோறும், காணாமல் போன டேப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு மட்டும் முள் ஞாபகம் வருகிறது. ராமநாதபுரம் பக்கம் ஒரு கண்மாயில் லெவல் எடுக்கப் போயிருந்தோம். கரையில் கருவியை வைத்துவிட்டு, ஸ்டாஃபோடு நண்பனை உள்ளே அனுப்பினோம். ஆள் போனான், குரல் வந்தது, ஸ்டாஃப் மட்டும் தெரியவே இல்லை. கண்மாய் முழுக்க சீமைக்கருவேலம்!

கண்மாய் தானாக உண்டானதா என்ன? மழை குறைந்த சீமையில் சரிவைப் பார்த்து, மண்ணை அள்ளிக் கரை போட்டு, மடையும் கலுங்கும் வைத்து மனிதன் உண்டாக்கியது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்லுவாங்க. அவ்வளவு பெரிசு. அதே கண்மாய் மனிதனையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டு வந்தது. மடை திறக்க ஓர் ஆள், பாய்ச்சலுக்கு முறை, கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வண்டல் அள்ளும் குடிமராமத்து என்று ஊரே அதைச் சுற்றி அமைந்தது. அள்ளிய வண்டல் வயலுக்கு எருவானது.

இந்த மரம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1870-களில் இந்தியாவுக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகவும், வயலுக்கு வேலியாகவும் நாம்தான் பரப்பினோம். வேலிக்காத்தான் என்ற பேரே அதற்குச் சாட்சி. ஆடு மாடு நெற்றைத் தின்னும். கொட்டை செரிக்காமல் சாணியோடு விழுந்து முளைக்கும். மேலாக வெட்டினால் தூரிலிருந்து நாலாகத் தழையும். அதன் அடியில் மற்ற செடி சுலபத்தில் எழும்பாது. காற்றிலுள்ள ஈரத்தைக்கூட உறிஞ்சி மழையைத் தடுக்குது என்று பலர் சொல்லுவாங்க. அதற்கு ஆதாரம் கிடையாது. இருக்கிற குற்றமே போதுமே, இல்லாததை ஏன் ஏற்றணும்?

ஒன்று கவனியுங்கள். மராமத்து நடந்த கண்மாய்க்குள் இந்த மரம் சுலபமாக நுழைந்திருக்க முடியாது. வருஷா வருஷம் மண்வெட்டி இறங்கும் இடத்தில் கன்று எப்படிப் பிழைக்கும்? குடிமராமத்து நின்று, போர் வந்து, கண்மாயை ஊர் மறந்த பிறகுதான் அது உள்ளே வந்தது.

வந்த மரம் மனிதனையும் மாற்றியது. மழை பொய்த்து நெல் போன வருஷங்களில் எத்தனையோ குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது கரிமூட்டம்தான். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, ஈரமண் பூசித் தீ வைப்பார்கள். உள்ளே காற்று குறைவு என்பதால் விறகு சாம்பலாகாமல் கரியாகும். சில நாள் ராப்பகலாகக் காவல் இருக்கணும். எங்காவது விரிசல் விட்டால் உடனே மண் அப்பணும். இல்லாவிட்டால் மொத்தமும் சாம்பல். விவசாயி கரிக்காரர் ஆனது இப்படித்தான்.

நம்ம ஊர் மட்டும் இல்லை, கென்யாவில் பாரிங்கோ ஏரிப் பக்கமும் இதே கதை. பாலையாவதைத் தடுக்க 1980-களில் நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. இனிப்பு நெற்றைத் தின்று தின்று ஆடுகளுக்குப் பல் கொட்டியது. 2006-ல் போட்ட வழக்கில் அந்த மக்கள் பல் இல்லாத ஓர் ஆட்டையே கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்கள்!

இங்கே 2017-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்ற வேண்டியதுதான், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வேரோடு எடுத்த குழியில் அடுத்த மழைக்கே பழைய விதை முளைக்கும். இரண்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் மறுபடி காடுதான். கரிக்காரருக்கு வேறு பிழைப்பு என்ன என்பதையும் எஸ்டிமேட்டில் ஒரு வரியாவது யாராவது எழுதணும்.

அன்றைக்குக் கரையில் ஆடு மேய்த்த பெரியவர் ஒருவர் எங்கள் கருவியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். "மரத்தை வெட்டவா தம்பி அளக்கிறீங்க?" என்றார். "இல்லைங்க ஐயா, படிப்புக்கு" என்றோம். "வெட்டட்டும், வேண்டாங்கலை. வெட்டுனா தண்ணி வந்திருமா?" என்று கேட்டார்.

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. சாயங்காலம் அவருடைய அரிவாளையே வாங்கி, வரத்துக்கால் ஓரமாகக் கிளைகளைக் கழித்துப் பார்வைக்கு வழி பண்ணினோம். கண்மாய் வாயில் ஸ்டாஃப் ரீடிங் 1.245. அதற்கு 60 மீட்டர் மேலே, தண்ணீர் வரவேண்டிய திசையில், 1.870. சந்தேகப்பட்டு இன்னொரு தடவையும் எடுத்தோம். அதேதான். வாயில் மண் மேடிட்டு, மேலே இருக்க வேண்டிய தரை 62 சென்டிமீட்டருக்கு மேல் பள்ளமாகக் கிடந்தது.