முதுமையும் தூக்க மாத்திரையும்

புனே நகருக்கு வடகிழக்கே, பீமா நதிக்கு அருகில் வடு புத்ருக் என்னும் கிராமம் உள்ளது. சம்பாஜி மகாராஜாவின் சமாதி இருக்கும் ஊர் என்று மராட்டியர் இதனை அறிவர். சுகாதாரத் துறையினர் இவ்வூரை அறிவது வேறொரு காரணத்தால். புனே கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பானு கோயாஜி 1970-களில் தொடங்கி வைத்த கிராம சுகாதாரத் திட்டம் இங்கேதான் வேரூன்றியது. 2002-ஆம் ஆண்டு முதல் இதனைச் சுற்றியுள்ள 22 கிராமங்களின் குடும்பங்களில் நிகழும் பிறப்பு, இறப்பு, இடம் பெயர்தல் ஆகியவற்றை ஒழுங்காகப் பதிவு செய்யும் பணியும் நடந்து வந்துள்ளது.

2006, 2007-ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் உறக்கத்தைப் பற்றி வினவப்பட்டது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ள எட்டு நாடுகளில் ஒரே வினாப் பட்டியலைக் கொண்டு நடத்தப்பெற்ற பேராய்வின் ஒரு பகுதி இது. மொத்தம் 43,935 பேர் விடையளித்தனர். முடிவுகள் 2012-இல் வெளியாயின. கடுமையான உறக்கக் குறை இருப்பதாகக் கூறியோர் மொத்தத்தில் நூற்றுக்கு 16.6 பேர். ஆயின், நாட்டுக்கு நாடு வேறுபாடு மிகப் பெரிது. வங்காள தேசத்து மத்லாப் பகுதியில் பெண்களுள் நூற்றுக்கு 43.9 பேர் இக்குறையைச் சொல்ல, வடுவில் பெண்களுள் 6.5 பேரும் ஆண்களுள் 4.3 பேருமே சொன்னார்கள்.

இதைக் கொண்டு வடுவின் முதியோர் அனைவரும் நன்றாக உறங்குகின்றனர் என்று முடிவு செய்துவிடலாகாது. அளக்கப்பட்டது உறக்கமன்று; உறக்கத்தைப் பற்றி அவரவர் சொன்ன சொல்லே. “வயதாகிவிட்டது, இனித் தூக்கம் ஏது” என்று அமைதியுறும் மூதாட்டி அதனை ஒரு குறையாகவே சொல்லாமல் இருக்கக்கூடும். எண்களைவிடக் கவனிக்கத்தக்கது, உறக்கக் குறையுடன் சேர்ந்து வந்த பிற நிலைமைகளாகும். பெண்கள், வயது மிகுந்தோர், கல்வி குறைந்தோர், துணையின்றி வாழ்வோர் ஆகியோரிடம் பொதுவாக இக்குறை அதிகம் காணப்பட்டது. உடல் இயக்கம் குன்றியவர்களிடமும், மனச்சோர்வும் கவலையும் உடையவர்களிடமும் இத்தொடர்பு மேலும் வலுவாக இருந்தது. தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது. சோர்வினால் தூக்கம் கெடலாம். தூக்கம் கெட்டுச் சோர்வும் உண்டாகலாம்.

பல நாடுகளில் தூக்க மாத்திரை உண்ணும் முதியோரை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் கண்டனர்: பெண்கள், மிக முதியோர், மனச்சோர்வு உடையோர், நாட்பட்ட நோய்க்காக ஏற்கெனவே பல மருந்துகள் உண்போர். மூட்டு வலியாலோ, இருமலாலோ, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதாலோ, துணையை இழந்த துயரத்தாலோ கெட்ட உறக்கத்துக்கு மாத்திரை மருந்தாகிவிடுகிறது. மூலக் குறை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இம்மருந்துகளுள் பெரும்பாலானவை பென்சோடயஸெபைன் இனத்தைச் சேர்ந்தவை. முதலாவதான குளோர்டயஸெபாக்ஸைடு 1960-இலும், டயஸெபாம் 1963-இலும் விற்பனைக்கு வந்தன. முந்தைய பார்பிட்யூரேட்டு மருந்துகள் அளவு மீறினால் எளிதில் உயிரைப் போக்கியதால், புதியவை பெரிதும் வரவேற்கப்பட்டன. முதியவரின் உடல் இவற்றை எவ்வாறு ஏற்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. இரத்தத்திலுள்ள டயஸெபாமின் அளவு பாதியாகக் குறைய, 20 வயதினருக்குச் சுமார் 20 மணி நேரமும், 80 வயதினருக்குச் சுமார் 90 மணி நேரமும் ஆவதாக 1975-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது, இன்றிரவு உண்டது பெரும்பகுதி தீருமுன் நாளையதும் மறுநாளையதும் அதனுடன் சேருகின்றன. பகலில் மந்தமும் மறதியும் தோன்றுகின்றன. வீட்டாரோ அதனை முதுமை என்று எண்ணிவிடுகின்றனர். நள்ளிரவில் இருட்டில் எழுந்து நடக்கும்போது கால் தள்ளாடுகிறது. இடுப்பெலும்பு முறிந்தபின் பழையபடி நடமாட முடியாமற் போகும் முதியோர் பலர்.

இந்தியாவில் அல்ப்ரசோலாம், டயஸெபாம், சோல்பிடெம் முதலியவை 2014 மார்ச் முதல் ‘எச்-1’ அட்டவணையில் அடங்கியுள்ளன. மருத்துவரின் சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருத்தல் வேண்டும். மேலட்டையில் சிவப்புக் கட்டத்துள் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். எழுத்தறியாத பாட்டியின் மருந்துப் பட்டையை வாசித்துச் சொல்லப் பேரப்பிள்ளைக்குக் கற்பிப்பது ஆசிரியரால் ஆகக்கூடிய காரியம்.

ஊழியர்கள் ஓர் அபாயத்தை மறத்தலாகாது. பல மாதங்களாக மாத்திரை உண்டவரிடம், “இது கெடுதல், இன்றே நிறுத்துங்கள்” என்று சொல்லுதல் கூடாது. திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை முன்னிலும் கடுமையாகத் திரும்பும். நடுக்கமும் சில வேளைகளில் வலிப்பும் உண்டாகும். மருத்துவரின் மேற்பார்வையில், பல வாரங்களில் சிறிது சிறிதாகவே அளவைக் குறைத்தல் வேண்டும்.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் மருந்தன்று, பழக்கங்களையும் எண்ணங்களையும் திருத்தும் பயிற்சியே அளிக்கப்பட வேண்டும் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவுறுத்தியது. நாள்தோறும் ஒரே வேளையில் எழுதல், பகலுறக்கத்தைச் சுருக்குதல், உறக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்திருத்தல் ஆகியவை அப்பயிற்சியில் அடங்கும். இதற்கென்று பயின்றவர் கிராமத்தில் கிடைப்பது அரிது. எனினும் வீடு வீடாகச் செல்லும் ஊழியர், “தூக்கம் வருகிறதா?” என்பதோடு நில்லாமல், “எதனால் விழிப்பு வருகிறது?” என்றும் கேட்கலாம். மாலையில் எத்தனையாவது கோப்பைத் தேநீர், இரத்த அழுத்தத்துக்கான நீர் பிரியும் மாத்திரையை எந்த வேளையில் உண்கிறார், சளிக்கென்று கடையில் வாங்கிய குளோர்பெனிரமைன் மாத்திரையும் உடன் சேர்கிறதா என்று விசாரித்து, விடைகளை ஒரு தாளில் எழுதி, எல்லா மருந்துப் பட்டைகளுடனும் முதியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். நீர் பிரியும் மாத்திரையை மருத்துவர் காலை வேளைக்கு மாற்றித் தந்தால், சிலருக்கு இரவு விழிப்பில் ஒரு பகுதி அதனாலேயே குறைந்துவிடும்.