வெளிநாடு சென்ற ஆண்டின் வருமான வரிக் கணக்கு

வெளிநாட்டில் வேலைக்குச் சேரும் ஆண்டில் ஒருவர் இரண்டு நாடுகளின் வரிச் சட்டங்களுக்குள் வருகிறார். திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள கேரள அரசு நிறுவனமான நோர்க்கா ரூட்ஸ் வழியாகப் பிரிட்டன் செல்லும் செவிலியருக்கும், அதே நகரின் டெக்னோபார்க் ஐ.டி. பூங்காவிலிருந்து துபாய் செல்லும் பொறியாளருக்கும் இது பொருந்தும்.

புறப்படும் நாள்

இந்திய நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், வரிச் சட்டப்படி அவர் இந்தியவாசி. ஏப்ரல் முதல் இங்கேயே இருந்தவர் செப்டம்பர் 28-க்குள் புறப்பட்டு, மார்ச் வரை திரும்பாவிட்டால் என்.ஆர்.ஐ. (வெளிநாடு வாழ் இந்தியர்) ஆகிறார், அவருக்கு இந்திய வருமானத்துக்கு மட்டுமே வரி. நவம்பரில் புறப்பட்டவரோ மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். பிரிட்டனில் பிடித்த வரியை இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லாததால், கழிக்கவும் எதுவும் இருக்காது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

2025-26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பது இந்தியவாசிகளுக்கான தள்ளுபடியால் வருவது. என்.ஆர்.ஐ.க்கு அது கிடைக்காது. 4 லட்சத்தைத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும். என்.ஆர்.ஐ. ஆனவர் தம் பழைய சேமிப்புக் கணக்கை, வெளிநாடு வாழ்வோருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் டி.டி.எஸ். ஆக, அதாவது வட்டி தரும்போதே, பிடிக்கப்படும். ஊரிலுள்ள வீட்டின் வாடகையிலும் குடியிருப்பவர் வரி பிடித்தே தர வேண்டும். என்.ஆர்.ஐ. என்ற நிலையை வருமான வரித் தளத்தில் பதிவு செய்யாதவரின் பான், ஆதாருடன் இணைக்கப்படவில்லை என்ற காரணத்தால் செயலிழக்கக்கூடும். அந்த ஆண்டில் இந்தியவாசியாகவே இருப்பவர் வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் படிவத்தில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகலாம்.

தாக்கல் செய்யும் முறை

என்.ஆர்.ஐ. ஐ.டி.ஆர்-1 படிவத்தைப் பயன்படுத்த முடியாது. சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ளவருக்கு ஐ.டி.ஆர்-2 பொருந்தும். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் 5,000 ரூபாய் வரை கட்டணத்துடன் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். தாக்கல் செய்த 30 நாளுக்குள் இணையத்தில் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காத கணக்கு செல்லாது. பிரிட்டனில் வரியாண்டு ஏப்ரல் 6 முதல் ஏப்ரல் 5 வரை. சம்பளத்திலேயே வரி பிடிக்கப்படும் பலர் அங்கே தனியாகக் கணக்குத் தர வேண்டியதில்லை. தர வேண்டியவர் அக்டோபர் 5-க்குள் பதிவு செய்து, ஜனவரி 31-க்குள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.

உரிமையும் நிவாரணமும்

கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறுவது உரிமை. கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது கிடைக்கும். குறைந்த விகிதத்தில் வரி பிடிக்கச் சான்றிதழ் கோரி முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். பிழை தெரிந்தால் உரிய காலத்துக்குள் திருத்திய கணக்குத் தரலாம். தீராத குறைகளை வருமான வரித் தளத்தின் புகார்ப் பிரிவிலும், திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள வருமான வரி அலுவலகமான ஆயகர் பவனிலும் தெரிவிக்கலாம். பாஸ்போர்ட் முத்திரைகள், வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், வெளிநாட்டில் வரி கட்டிய சான்று ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். எத்தனை நாள் எங்கே இருந்தார் என்பதற்கு இவையே சாட்சி.